மச்சம் காட்டிக்கொடுத்த கித்தார்!

46 ஆண்டுகளுக்குப் பிறகு சொந்தக்காரரிடம் வந்து சேர்ந்த அதிசயம்

திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை காணாமற்போகும். தாய் அழுவாள். வருஷங்கள் ஓடும். கடைசியில், தோளில் இருக்கும் மச்சத்தைப் பார்த்து, "நீ என் பிள்ளை அல்லவா!" என்று தாய் கட்டிக்கொள்வாள். இதை நாம் எத்தனையோ சினிமாக்களில் பார்த்திருக்கிறோம்.

ஆனால், இது நிஜமாகவே நடந்தது. காணாமற்போனது பிள்ளை அல்ல, ஒரு கித்தார்! அதற்கும் மச்சம் இருந்தது. அந்த மச்சம்தான் அதைக் காட்டிக்கொடுத்தது.

கித்தாரைப் பறிகொடுத்தவர், கனடா நாட்டின் புகழ்பெற்ற 'ராக்' சங்கீதக்காரர் ராண்டி பாக்மன். பறிகொடுத்த ஆண்டு 1976. திரும்பப் பெற்ற ஆண்டு 2022. நடுவே 46 ஆண்டுகள்! பறிகொடுத்தபோது அவர் 30 வயதைத் தாண்டிய இளைஞர். திரும்பப் பெற்றபோது 78 வயதுக் கிழவர்.

புல் வெட்டிச் சேர்த்த பணம்

பாக்மன் பிறந்தது 1943-ல், கனடாவின் வினிபெக் நகரத்தில். அந்த ஊரில் ஒரு வாத்தியக் கடை இருந்தது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் ஆரஞ்சு வண்ணத்தில் ஒரு மின்சாரக் கித்தார் தொங்கியது. பாக்மனும் அவருடைய சிநேகிதர் நீல் யங்கும் கடை வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம். இந்த நீல் யங்கும் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பாடகர் ஆனார்.

அதன் விலை 400 டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. பாக்மன் என்ன செய்தார் தெரியுமா? அண்டை அயலார் வீடுகளில் புல் வெட்டினார். கார் கழுவினார். குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். இப்படிக் காசு காசாகச் சேர்த்து, 1963-ல் அந்தக் கித்தாரை வாங்கினார்.

அது நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில், 'கிரெட்ச்' கம்பெனி 1957-ல் செய்தது. செட் அட்கின்ஸ் என்ற கித்தார் மேதையின் பெயரைத் தாங்கிய ரகம். மாடல் எண் 6120. உள்ளே கூடாக இருக்கும். மேல்பலகையில் பிடிலில் இருப்பதுபோல் வளைந்த துவாரங்கள் இருக்கும். உருக்குக் கம்பிகளின் அடியில் காந்தமும் அதைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருளும் வைத்திருப்பார்கள். தந்தி அதிர்ந்தால் சுருளில் மெல்லிய மின்சாரம் பிறக்கும். அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் அரங்கமே அதிரும். நம்மூர் மெல்லிசைக் கச்சேரிகளில் தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கிறார்களே, அந்த இனம்தான்.

'தி கெஸ் ஹூ' என்ற குழுவிலும், பிறகு 'பாக்மன் டர்னர் ஓவர்டிரைவ்' என்ற குழுவிலும் பாக்மன் பெயர் பெற்றார். தமக்குப் புகழ் தேடித் தந்த பல பாட்டுகள் இந்தக் கித்தாரிலேயே பிறந்தவை என்று அவர் சொல்வதுண்டு.

சங்கிலி போட்டும் பயனில்லை!

ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகும்போது, ஓட்டல் அறையில் கித்தாரை வைத்துவிட்டு வெளியே போக அவருக்கு மனம் வராது. பழுதான லாரியை இழுக்க உதவும் கனத்த சங்கிலி ஒன்றைக் கொண்டுவருவார். குளியலறையில் உள்ள கழிப்பறைப் பீங்கானோடு கித்தார்ப் பெட்டியைச் சேர்த்துக் கட்டிப் பூட்டுவார்! குழுவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

1976-ல் ஒரு நாள், டொரான்டோ நகரத்து ஓட்டல் ஒன்றில், புறப்படுகிற அவசரத்தில் கித்தாரைத் தம் குழுவின் உதவியாளரிடம் கொடுத்தார். உதவியாளர் அதை மற்ற சாமான்களோடு அறையில் வைத்துவிட்டுக் கணக்குத் தீர்க்கப் போனார். சில நிமிஷங்கள்தான். திரும்பி வந்தால் கித்தாரைக் காணோம்!

போலீசில் புகார் கொடுத்தார். வாத்தியக் கடைகளுக்கெல்லாம் சொல்லிவைத்தார். பலன் இல்லை. மனம் ஆறாமல் அதே கம்பெனியின் கித்தார்களாகத் தேடித் தேடி வாங்கினார். முந்நூறுக்கு மேல் சேர்ந்துவிட்டன. அத்தனையிலும் அந்த ஒன்று இல்லை.

எது உண்மையான அடையாளம்?

இங்கேதான் சிக்கல். கம்பெனி பெயர் இருக்கிறதே என்றால், அதே பெயர் எல்லாக் கித்தார்களிலும் இருக்கிறது. ஆரஞ்சு வண்ணம் என்றால், அந்த மாடல் எல்லாமே ஆரஞ்சு வண்ணம்தான். வரிசை எண் உண்டே என்று கேட்கலாம். அந்தக் காலத்துக் கிரெட்ச் கித்தார்களில் எண் உள்ள காகிதச் சீட்டை உள்ளே ஒட்டியிருப்பார்கள். காகிதத்தைக் கிழித்து எறிய எத்தனை நேரமாகும்? முடுக்காணிகளை மாற்றலாம். தந்தியை மாற்றலாம். காந்தச் சுருளையும் மாற்றலாம்.

மாற்ற முடியாதது ஒன்றுதான். மரத்தில் ஓடும் வரி!

பாக்மனின் கித்தாரில், மேல்பலகையில் கறுப்பாகச் சிறு கணு ஒன்று தெரியும். ஆரஞ்சு வண்ணம் உள்ளே தெரியும்படி மெல்லிசாகப் பூசியது. ஆகையால் மரத்தின் வரியும் கணுவும் மறையவில்லை. கிளை முளைத்த இடத்தைச் சுற்றி அடிமரம் பருக்கும்போது, மரத்தின் நார்கள் வளைந்து ஓடும். பலகையாக அறுத்தால் அங்கே கறுத்த புள்ளி விழும். அதுதான் கணு. தச்சர் பார்த்தால் குறை என்பார். பள்ளிக்கூடச் சான்றிதழில் 'அங்க மச்ச அடையாளம்' எழுதுகிறோமே, அதுபோல அந்தக் கித்தாருக்கு இந்தக் குறையே அடையாளம் ஆயிற்று.

திருவக்கரை சொல்லும் சாட்சி

மரத்தின் வரி எவ்வளவு காலம் நிலைக்கும்? விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வாசகர்களுக்கு இதைப் படித்துத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒரு நடை போனால் கண்ணாலேயே பார்க்கலாம்.

இரண்டு ஊர்களுக்கும் இடையே நெடுஞ்சாலையில் கூட்டேரிப்பட்டு இருக்கிறது. அங்கே பிரிந்து மயிலம் வழியாகப் போனால் திருவக்கரை. வக்கிரகாளியம்மனைத் தரிசிக்கப் பௌர்ணமிதோறும் ஜனங்கள் திரளுகிற ஊர். அதை ஒட்டித்தான் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கல்மரப் பூங்கா இருக்கிறது. அங்கே மரங்கள் படுத்துக் கிடக்கின்றன. பார்த்தால் மரம். தொட்டால் கல்!

அவற்றின் வயது சுமார் இரண்டு கோடி ஆண்டுகள் என்று சொல்கிறார்கள். வேரும் இல்லை, கிளையும் இல்லை. வேறு எங்கோ நின்ற மரங்களை வெள்ளம் அடித்துக்கொண்டுவந்து இங்கே மணலில் புதைத்தது என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. மண்ணில் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளில் ஒவ்வொன்றாகப் புகுந்து படிந்தது. மரம் போயிற்று, கல் நின்றது. ஆனால் மரத்தின் வரியும் துளையும் கல்லில் அப்படியே நின்றுவிட்டன. கல்லை மெல்லிய சில்லாக இழைத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, இது இன்ன குடும்பத்து மரம், இது புளிய மரத்துக்கு உறவு என்று பெயர் சொல்கிறார்கள்.

கல்மரத்தில் வரியைப் பார்த்து மரத்தின் குலத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். கித்தாரில் ஒரு படி மேலே போகிறார்கள். குலத்தை அல்ல, ஆளையே கண்டுபிடிக்கிறார்கள்! ஒரே மாதிரி வரியும் ஒரே இடத்தில் கணுவும் உள்ள இரண்டு பலகைகள் அமைவது அபூர்வத்திலும் அபூர்வம்.

வீட்டில் இருந்தபடி துப்பறிந்தவர்

2020-ல் கொரோனா வந்தது. எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தார்கள். கனடாவில் பாக்மனின் ரசிகர் ஒருவருக்கு, "நாம் தேடிப் பார்த்தால் என்ன?" என்று தோன்றியது.

பாக்மன் அந்தக் கித்தாரை வாசிக்கும் பழைய படக்காட்சியை எடுத்தார். கணுவைக் குறித்துக்கொண்டார். மனிதர் முகத்தை அடையாளம் காண உதவும் கம்ப்யூட்டர் முறையைக் கித்தாருக்குத் திருப்பினார். உலகம் முழுவதும் கடைக்காரர்கள் இன்டர்நெட்டில் போட்டிருந்த அதே மாடல் கித்தார்களின் படங்களைத் திரட்டினார். சுமார் முந்நூறு படங்கள். ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார்.

ஒரு படத்தில் கணு பொருந்தியது. ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் பழைய கித்தார் விற்கும் கடை போட்ட படம் அது. ஆனால் கித்தார் எப்போதோ விற்றுப்போயிருந்தது. வாங்கியது யார்? மறுபடியும் தேடினார். 2019 டிசம்பரில் எடுத்து 'யூ டியூப்'பில் போட்ட ஒரு காட்சி அகப்பட்டது. அதில் தக்கேஷி என்ற ஜப்பானிய சங்கீதக்காரர் உற்சாகமாக வாசித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் அதே ஆரஞ்சுக் கித்தார். அதே இடத்தில் அதே மச்சம்!

"அவர் 46 வருஷம் வருந்தினார்"

தக்கேஷி திருடர் அல்ல. 2014-ல் கடையில் நியாயமாகப் பணம் கொடுத்து வாங்கியவர். அது திருட்டுப் போன சாமான் என்பது அவருக்குத் தெரியாது. பாக்மன் அவரோடு படம் தெரியும் டெலிபோனில் பேசினார். கித்தாரைப் பார்த்ததும் அழுதுவிட்டார்.

தக்கேஷி என்ன செய்வார்? கொடுக்க மனமில்லை என்று சொல்லியிருக்கலாம். பெரும் தொகை கேட்டிருக்கலாம். அவர் பணம் கேட்கவில்லை. "இதே மாதிரி ஒன்று கொடுங்கள், இதைத் தருகிறேன்" என்றார். தாம் வைத்திருந்தது எட்டு வருஷம்தான், பாக்மன் 46 வருஷம் வருந்திவிட்டார், இனி வருத்தப்படும் முறை வேறொருவருடையது என்பது அவர் சொன்ன நியாயம். புதிதாக வருவதை இதுபோல நேசிக்க முடியுமோ என்னவோ என்றும் மறைக்காமல் சொன்னார்.

பாக்மன் மறுபடி தேட ஆரம்பித்தார். இந்தத் தடவை தேடியது தம் கித்தாருக்கு ஜோடியை! அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் அது கிடைத்தது. 1957-ல் அதே வாரத்தில் செய்தது. வரிசை எண்ணும் நெருங்கிய எண். பழுது பார்த்த சுவடும் இல்லை. கூடப் பிறந்த தங்கை என்றே சொல்லலாம்.

2022 ஜூலை 1-ந் தேதி, கனடாவின் தேசிய தினம். டோக்கியோவில் உள்ள கனடா தூதரகத்தில் இருவரும் கித்தார்களை மாற்றிக்கொண்டார்கள். பிறகு இருவரும் சேர்ந்து ஒரே மேடையில் வாசித்தார்கள்.

லென்னனின் கித்தார்

மர வரி காட்டிக்கொடுத்தது இது முதல் தடவை அல்ல. 'பீட்டில்ஸ்' குழுவின் ஜான் லென்னன் 1962-ல் வாங்கிய 'கிப்சன்' கித்தார், 1963 டிசம்பரில் லண்டன் கச்சேரியின்போது காணாமற்போயிற்று. 1960-களின் கடைசியில் அமெரிக்காவில் ஒருவர் அதைப் பழைய சாமானாக 175 டாலருக்கு வாங்கி, ஏதும் அறியாமல் பல ஆண்டுகள் வாசித்துவந்தார். பிறகு சந்தேகம் தட்டியது. நிபுணர் ஒருவர் பழைய போட்டோக்களை வைத்து மரத்தின் வரியையும் வடுவையும் எண்ணையும் ஒப்பிட்டார். லென்னனுடையதுதான் என்று முடிவாயிற்று! 2015 ஏலத்தில் அது போன விலை 24 லட்சத்து 10 ஆயிரம் டாலர்!

நம்மூர் வித்துவான்களுக்கு

லட்சக்கணக்கான டாலர் பெறும் வாத்தியம் நம்மிடம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பலா மரத்தில் கடைந்த மிருதங்கமும், ஆச்சா மரத்தில் கடைந்த நாதசுவரமும், கடன் வாங்கி வாங்கிய கித்தாரும், சொந்தக்காரருக்குப் பிழைப்பே அல்லவா?

ஆகவே, இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். வாத்தியத்தை வெளிச்சத்தில் வைத்து, முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். கணு, கீறல், தழும்பு எல்லாம் துலங்கட்டும். எண் இருந்தால் குறித்து வையுங்கள். வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பழைய வாத்தியம் வாங்குகிறவர்கள், அது யார் கையிலிருந்து வந்தது என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கச்சேரி முடிந்து, எல்லாரும் களைத்து, வண்டியில் சாமான் ஏற்றுகிற நேரத்தில் ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்துங்கள்.

போட்டோ எடுக்க ஐந்து நிமிஷம் ஆகாது. பாக்மனின் கித்தார் காணாமற்போகவும் அதிக நேரம் ஆகவில்லை.