கால் விரல் எட்டாவிட்டால் என்ன?

ஒரே உயரமுள்ள இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். சில நேரம் ஒருவர் தலை நாலு விரற்கடை மேலே தெரியும். அவருக்கு முதுகு நீளம், கால் குட்டை, மற்றவருக்கு நேர்மாறு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் எந்த சீட்டிலும் பார்க்கக்கூடியதுதான். ஆனால், கால்நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தைச் செய்யும்போது இந்த வித்தியாசம் பெரிதாகிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருவருமே 165 செ.மீ. உயரம். ஒருவருக்கு முதுகு 6 செ.மீ. கூடுதல் என்றால் கால் 6 செ.மீ. குறைவு. முன்னால் குனியும்போது இரண்டும் சேர்ந்து 12 செ.மீ. அவருக்குச் சாதகம். கையும் 3 செ.மீ. நீளமாக இருந்துவிட்டால் 15. இருவரும் இடுப்பில் ஒரே அளவு மடிந்தாலும், ஒருவர் பாதத்தைப் பிடித்துவிடுவார்; மற்றவர் கணுக்காலோடு நின்றுவிடுவார். “இன்னும் கொஞ்சம் குனி” என்று அவரை அழுத்துவது அநியாயம்.

1952-இல் அமெரிக்காவில் வெல்ஸ், டில்லன் இருவரும் கொண்டுவந்த, உட்கார்ந்து எட்டும் சோதனை இன்றும் பள்ளிப் பிள்ளைகளின் உடல்தகுதித் தேர்வுகளில் இருக்கிறது. அதிலும் இதே சிக்கல் உண்டு. பின்னாளில் ஹோகர் என்பவர் அதைத் திருத்தினார். அந்த முறையை வீட்டிலேயே செய்யலாம். சுவரில் முதுகும் பின்தலையும் ஒட்ட, கால் நீட்டி உட்காருங்கள். முதுகும் தலையும் சுவரை விட்டு வராமல் கையை நீட்டி, விரல் நுனி வரும் இடத்துக்கு நேரே தரையில் ஒரு சாக்பீஸ் கோடு. பிறகு மெதுவாகக் குனிந்து, விரல் எதுவரை வருகிறதோ அங்கே இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் உங்கள் வளைவு. கை, கால் நீளத்தின் சலுகை அதில் பெரும்பாலும் கழிந்துவிடும்.

நான் இதை எழுதுவது முக்கியமாக ஆரணிக்காரர்களுக்காக. பட்டுக்குப் பேர்போன ஆரணி இல்லை. பொன்னேரிக்கு அருகே, ஆரணி ஆற்றங்கரையில் உள்ள ஆரணி. ஷிப்டு முழுக்க மெஷின் முன்னால் நின்று, பஸ்ஸில் உட்கார்ந்து திரும்புகிறவர்களுக்குத் தொடையின் பின்தசை இறுகிப்போயிருப்பது சகஜம். ஜூன் 21 யோகா தினத்தன்று பொதுப் பயிற்சி வரிசையில், நின்று குனியும் பாதஹஸ்தாசனம் வரும். வரிசையாக நிற்கும் எல்லாருக்கும் ஒரே கட்டளை, உள்ளங்கை தரையில் படவேண்டும் என்று.

அந்தப் பின்தசை உட்காரும் எலும்பில் தொடங்கி, முழங்காலைத் தாண்டிக் கீழே போய் ஒட்டுகிறது. அது இறுகியிருந்தால் குனியும்போது இடுப்பெலும்பை முன்னால் சாயவிடாது. குனிந்தே தீரவேண்டும் என்று முயன்றால், வளைவது கீழ்முதுகுதான். முழங்காலைச் சற்று மடக்கினால் தசை தளர்ந்து, இடுப்பு தானாகச் சாயும். முழங்கால் மடங்கினால் ஆசனம் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மைசூரிலிருந்து சென்னை வந்து வாழ்ந்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரின் மகனும், 1976-இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தைத் தொடங்கியவருமான தேசிகாச்சார், நின்று குனியும்போது முழங்காலை லேசாக மடக்கிக்கொள்ளவே சொல்லித்தந்தார். ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்று என்பதுதான் அந்தப் பள்ளியின் அடிப்படை. கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்ற பி.கே.எஸ். அய்யங்கார் பெல்ட், மரக்கட்டை, தலையணை எல்லாவற்றையும் பயிற்சிக்குள் கொண்டுவந்தார்.

கால் நீளமானவர்கள் பாதத்தில் ஒரு துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். கை இரண்டு அடி நீண்ட மாதிரிதான். கால் நீட்டி உட்கார்ந்ததுமே இடுப்பு பின்னால் சரிகிறவர்கள், மடித்த ஜமுக்காளத்தின் ஓரத்தில் உட்காருங்கள். தொப்பை இடிக்கிறதா? காலை அகட்டி, நடுவே குனியுங்கள்.

முதுகு நீளமானவர்களை யாரும் கவனிப்பதில்லை. அவர்களுக்கு விரல் எளிதில் எட்டிவிடும், பாராட்டும் கிடைக்கும். ஆனால் பலர் இடுப்பை அசைக்காமல் முதுகைக் கூன்போட்டே எட்டியிருப்பார்கள். பக்கவாட்டில் இருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்: வேட்டி முடிச்சு இருக்கும் இடம் முன்னால் சாய்கிறதா, அங்கேயே நிற்கிறதா? நின்று குனியும்போது நீளமான முதுகு கீழ்முதுகில் அதிக பாரத்தை ஏற்றும். இவர்கள் நாற்காலி இருக்கையில் கையூன்றிக் குனிவது நல்லது.

எங்கே இழுக்கிறது என்று கவனிப்பது எல்லாவற்றையும்விட உதவும். தொடையின் நடுப்பகுதியில் இழுத்தால் அது தசை, பயமில்லை. உட்காரும் எலும்பின் மேலேயே சுருக்கென்றால் தசைநாண், உடனே தளர்த்துங்கள். முழங்கால் பின்னாலோ கெண்டைக்காலிலோ மரமரப்பு வந்தால் நரம்பு இழுபடுகிறது, முழங்காலை மடக்குங்கள். இடுப்பின் முன்பக்கம், தொடை மடிப்பில் நறுக்கென்று இடித்தால், பெரும்பாலும் தொடை எலும்பு இடுப்புக் குழியின் விளிம்பில் முட்டுகிறது. குழியின் ஆழமும் திசையும் ஆளுக்கு ஆள் வேறு. எத்தனை வருடம் பயின்றாலும் எலும்பு வழிவிடாது; காலை அகட்டிப் பாதத்தைச் சற்று வெளியே திருப்பினால் இடம் கிடைக்கும். கால் வரை இறங்கும் வலி இருந்தாலோ, டிஸ்க் பிரச்சினை, கிளாக்கோமா, குடலிறக்கம் இருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் குனிய வேண்டாம்.

விடியற்காலை பஸ் பிடிக்கும் முன் ஆசனம் செய்கிறவர்கள் கவனிக்க: தூங்கி எழுந்தவுடன் முதுகுத்தண்டின் டிஸ்க்குகள் நீர் ஏறி உப்பியிருக்கும், அப்போது குனிந்தால் அவற்றுக்கு அதிக அழுத்தம். நாள்பட்ட முதுகுவலிக்காரர்களிடம், எழுந்த முதல் இரண்டு மணி நேரம் குனிவதைத் தவிர்க்கச் சொன்ன 1998-ஆம் ஆண்டு ஆய்வொன்றில் வலி குறைந்தது. நின்று கை உயர்த்துவதையும் நடையையும் காலையில் வைத்துக்கொண்டு, முன்வளைவை ஷிப்டு முடிந்து வந்தபின் செய்யுங்கள். நைட் ஷிப்டுக்காரர்கள் பகலில் தூங்குவதால், கடிகாரத்தைப் பார்க்காமல் நீங்கள் எழுந்த நேரத்திலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.