பழைய டிவிஎஸ் கோல்டு, புதிய கம்ப்யூட்டர்

புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பழைய டிவிஎஸ் கோல்டு கீபோர்டு கண்ணில் பட்டால் விடாதீர்கள். சென்னை நிறுவனமான டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸின் தயாரிப்பு. ஒவ்வொரு கீயின் அடியிலும் தனித்தனி செர்ரி சுவிட்ச். டிடிபி சென்டர்களில் வருடக்கணக்கில் அடி வாங்கியும் உழைக்கும். நான் புரோகிராம் எழுதுவது இதில்தான். 'டக் டக்' சத்தத்தால் இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில் அனுமதி இல்லை, அது வேறு விஷயம்!

சிக்கல் ஒயரின் நுனியில் இருக்கிறது. பழைய மாடல்களில் இருப்பது 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்த பிஎஸ்/2 என்ற 6 பின் உருண்டை பிளக். இன்றைய லேப்டாப்பில் யூஎஸ்பிதான். கடையில் விரல் நீள அடாப்டர் ஒன்றை நீட்டுவார்கள், வாங்காதீர்கள். அதனுள் வெறும் ஒயர் இணைப்பு மட்டுமே. பிஎஸ்/2, யூஎஸ்பி இரண்டு முறையிலும் பேசத் தெரிந்த கீபோர்டுக்கே அது உதவும். பழைய கீபோர்டுக்கு உள்ளே சிப் உள்ள 'ஆக்டிவ் கன்வெர்ட்டர்' வேண்டும். பெரும்பாலும் குட்டை ஒயருடன், கீபோர்டுக்கு ஒன்று, மவுசுக்கு ஒன்று என இரண்டு சாக்கெட்டுகளோடு வரும்.

டெஸ்க்டாப்பின் பின்புறம் ஊதா நிற வட்ட சாக்கெட் இருந்தால் செலவே இல்லை. ஆனால் கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிட்டே செருகுங்கள். ஓடும்போது செருகிக் கழற்ற பிஎஸ்/2 வடிவமைக்கப்படவில்லை, போர்ட் பழுதாகலாம்.

மிகப் பழைய கீபோர்டுகளில் விண்டோஸ் கீ இருக்காது. கண்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள், ஸ்டார்ட் மெனு வந்துவிடும்.