கமலாப் பழமும் கோழிக்கறியும்

சீனத்தின் தென்பகுதியிலுள்ள குவாங்டுங் மாகாணத்தில் சின்ஹுய் என்றொரு வட்டாரம் உண்டு. ஆரஞ்சுப் பழத்தின் தோலுக்கே அது பெயர் பெற்றது. உரித்த தோலை வெயிலில் உலர்த்தி, ஆண்டுக்கணக்கில் காத்து வைத்து, மருந்துக்கும் சமையலுக்கும் பயன்படுத்துகின்றனர். அதனைச் 'சென்பி' என்பர்; பழைய தோல் என்பது பொருள். சிச்சுவான் மாகாணத்தார் அதை மிளகாயுடன் சேர்த்துக் கோழியை வறுப்பர். அமெரிக்காவில் பரவிய இனிப்பான ஆரஞ்சுக் கோழியோ, பாண்டா எக்ஸ்பிரஸ் உணவகத்தின் சமையற்கலைஞர் ஆண்டி காவோ 1987ஆம் ஆண்டில் ஹவாயில் ஆக்கியது. நாம் வீட்டில் செய்வது இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாக இருக்கலாம்.

தில்லிக் குளிர்காலத்தில் நாகபுரிக் கமலாப் பழம் தாராளமாகக் கிடைக்கிறது. மூன்று பழம் போதும். மணம் சாற்றில் இல்லை. தோலின் மேற்புறத்து எண்ணெயில் இருக்கிறது. அதன் கீழுள்ள வெண்மையான பகுதி கசக்கும். ஆகவே பழத்தை வெந்நீரில் கழுவித் துடைத்து, உரிப்பதற்கு முன்பே நிறமுள்ள மேல்தோலை மட்டும் துருவிக்கொள்ள வேண்டும். துருவலைச் சாற்றோடு நெடுநேரம் கொதிக்கவிட்டால் மணம் வீடெல்லாம் பரவுமேயன்றித் தட்டில் எஞ்சாது.

அரைக் கிலோ எலும்பில்லாத தொடைக்கறியைச் சிறு துண்டுகளாக்கி, உப்பு, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, நான்கு மேசைக்கரண்டி சோளமாவு ஆகியவற்றில் பிசறி, காய்ந்த எண்ணெயில் உள்ளே நன்கு வேகும்வரை பொரித்தெடுக்கலாம். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, எண்ணெயை இன்னும் சூடாக்கி மறுமுறை பொரித்தால் ஈரம் வெளியேறி மொறுமொறுப்பு நிலைக்கும். வேறொரு சட்டியில் இஞ்சி, பூண்டு, வற்றல் மிளகாயை வதக்கி, பழச்சாறு, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, அவ்வளவே சோயா சாறு, ஒரு கரண்டி வினிகர் சேர்த்துக் கொதிக்கவிடுக. நீரில் கரைத்த சிறிது சோளமாவு அதனைக் குழம்பாக்கும். துருவல் இறுதியிலேதான்.

இவற்றை ஒருவரே செய்வது கடினம். சாறு பிழியக் குழந்தைகள் உவப்புடன் வருவர். எண்ணெய்ச் சட்டியின் பக்கம் அவர்களை விடலாகாது. நாளிதழோடு அமர்ந்திருக்கும் குடும்பத் தலைவர் இஞ்சி நறுக்கினால் குறைவொன்றுமில்லை. நம் வீடுகளில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்பவர் இல்லத்தரசியே. வேறு கறியாயின் அது ஆறிப்போயிருக்கும், அவ்வளவே. இதுவோ பத்து நிமிடத்தில் குழம்பில் ஊறித் துவண்டுவிடும். சமைத்தவருக்கு மட்டும் சமைத்ததன் பயன் கிட்டாது. எனவே சோறும் தட்டும் தண்ணீரும் மேசைக்கு வந்து, அடுக்களையில் நிற்பவருக்கும் ஓர் இருக்கை போட்ட பின்னரே, துண்டுகளைக் குழம்பிலிட்டு இருமுறை புரட்டி இறக்குவது முறை.

வீட்டில் புலால் உண்ணாத பெரியவர் இருப்பின், கோழிக்கு முன்னதாகக் காலிபிளவரை முட்டையின்றி மாவில் தோய்த்துப் பொரித்து, குழம்பில் ஒரு பங்கைத் தனியே எடுத்து அதில் கலந்து வைக்கலாம்.