தோலுக்குப் பழகும் தோல்

சொகுசு மெத்தையில் இல்லை என்கிறது நெடுந்தூர சைக்கிள். தாத்தா காலத்துத் தோல் சீட்டும் இரும்பு ஃப்ரேமும் திரும்பி வருகின்றன, பல மடங்கு விலையில்.

மைசூரிலிருந்து ஊட்டிக்கு சைக்கிளில் கிளம்புகிறவருக்கு நஞ்சன்கூடு வரை பிரச்சினை இல்லை. 23 கி.மீ.தான். அந்தத் தூரத்துக்கு எந்த சைக்கிளும் நல்ல சைக்கிள். குண்டுலுபேட்டை சுமார் 60-வது கி.மீ. சீட்டின் குணம் அங்கேதான் தெரியத் தொடங்கும். அடுத்து வருவது பந்திப்பூர் காடு. புலிகள் காப்பகத்துக்குள் வழியில் வண்டியை நிறுத்தக் கூடாது என்பது விதி. எவ்வளவு வலித்தாலும் இறங்கி நின்று இடுப்பை நிமிர்த்த முடியாது. மசினகுடி தாண்டினால் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன. மொத்தம் சுமார் 125 கி.மீ. ஊட்டியில் இறங்கும்போது ஒருவர் தன் காலைத் திட்டுகிறாரா, சீட்டைத் திட்டுகிறாரா என்பதைப் பொறுத்தது அந்த சைக்கிளின் தகுதி.

கால் வலி இரண்டு நாளில் போய்விடும். சீட் தரும் வலி ஆளையே சைக்கிளை விட்டு ஓடவைத்துவிடும். ஆகவே நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் வேகத்தைவிட உட்காருவதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் முடிவது இரண்டு பழைய பொருள்களில்: உடல் அளவுக்குச் செய்த இரும்பு சைக்கிள், அதன்மேல் இழுத்துக் கட்டிய ஒரு துண்டுத் தோல்.

இந்த வகை சைக்கிளுக்கு ‘ராண்டன்யூர்’ என்று பெயர். பிரெஞ்சுச் சொல். யாரோடும் போட்டி போடாமல் நெடுந்தூரம் ஓட்டுபவர் என்று பொருள் கொள்ளலாம். ‘பிரெவே’ எனப்படும் அவர்களது சவாரியில் முதல் பரிசு கிடையாது. குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். 200 கி.மீ.க்கு பதிமூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. கணக்குப் போட்டால் மணிக்கு சுமார் 15 கி.மீ. பள்ளிக்கூடப் பையனும் எட்டக்கூடிய வேகம். ஆனால் பதின்மூன்று மணி நேரம் எட்ட வேண்டும். நிமிடத்துக்கு 70 சுற்று பெடல் மிதித்தால் பத்து மணி நேரத்தில் 42,000 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரு தொடைகளும் சீட்டை ஒருமுறை உரசிச் செல்கின்றன.

இந்த விளையாட்டின் கும்பமேளா, பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ். 1891-ல் பந்தயமாகத் தொடங்கியது. முதலில் வந்த ஷார்ல் தெரோன் அந்த 1,200 கி.மீ.யைச் சுமார் 71 மணி நேரத்தில் முடித்தார். 1931-ல் சாதாரண சவாரிக்காரர்களுக்கும் கதவு திறந்தது. இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் இந்தச் சவாரியை 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இந்தியாவில் 2010 வாக்கில் பிரெவே வேரூன்றியது. இங்கே அதை நடத்துவது ஆடாக்ஸ் இந்தியா ராண்டன்யூர்ஸ் அமைப்பு. பாரிஸுக்குப் போகும் இந்தியர்களும் இப்போது கணிசம்.

அந்தச் சாலைகளுக்கு என்றே சைக்கிள் செய்த கைவினைஞர்கள் பிரான்சில் இருந்தார்கள். 1934-ல் தொடங்கிய தொழில்நுட்பப் போட்டிகளில் அவர்களது சைக்கிள்கள் கரடுமுரடான மலைப்பாதைகளில் ஓட்டிச் சோதிக்கப்பட்டன. உடைந்தாலோ கழன்றாலோ மதிப்பெண் போகும். அந்தக் காலத்தில் பெயரெடுத்தவர்கள் அலெக்ஸ் சிங்கரும் ரெனே எர்ஸும். அவர்கள் கையில் உருவான இலக்கணம்தான் இன்றும் செல்லுபடியாகிறது: மெல்லிய இரும்புக் குழாய், பருத்த டயர், முழு நீள மட்கார்டு, டைனமோ விளக்கு, ஹேண்டில்பாருக்கு முன்னால் ஒரு பை, தோல் சீட்.

ஓட்டிப் பார்த்தால்...

கடை சைக்கிளிலிருந்து இறங்கி அளவெடுத்துச் செய்த ராண்டன்யூரில் ஏறுகிறவருக்கு முதலில் தெரிவது ஒன்றும் தெரியாததுதான். கை எட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. தோள் இறுகுவதில்லை. கால் நீளம், உடல் நீளம், கை நீளம் மூன்றையும் அளந்து குழாய்களை வெட்டியிருப்பதால் உடம்பு தானாக அதன் இடத்தில் போய் அமர்கிறது. தையல்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும் கடையில் மாட்டிய சட்டைக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டாவது, ஸ்டியரிங். ஹேண்டில் தண்டின் கோட்டைத் தரைவரை நீட்டினால் அது தொடும் இடம் ஒன்று; முன்சக்கரம் தரையைத் தொடும் இடம் இன்னொன்று. பந்தய சைக்கிளில் இவற்றுக்கிடையே பெரும்பாலும் 55 முதல் 60 மி.மீ. இடைவெளி இருக்கும். பிரெஞ்சு பாணி ராண்டன்யூரில் ஃபோர்க்கை அதிகம் வளைத்து இதை 30 முதல் 40 மி.மீ.க்குக் குறைக்கிறார்கள். பை காலியாக இருக்கும்போது மெதுவாகப் போனால் முன்சக்கரம் கொஞ்சம் துறுதுறுக்கும். பையில் மழைக்கோட்டும் சாப்பாடும் கருவிகளும் ஏறியதும் அது அடங்கிவிடுகிறது. சாமுண்டி மலையிலிருந்து இறங்கும்போது இதன் அருமை புரியும். இடுப்பை லேசாகச் சாய்த்தால் போதும், சைக்கிள் வளைவுக்குள் போய்விடுகிறது. வழியில் பள்ளம் தெரிந்தால் நடு வளைவில்கூடப் பாதையை மாற்றலாம்.

மூன்றாவது, டயர். தொண்ணூறுகளில் பந்தயக்காரர்கள் 23 மி.மீ. டயரில் நூறு பவுண்டுக்கு மேல் காற்றடித்துக் கல்லாக்கி ஓட்டினார்கள். ராண்டன்யூர் 42 மி.மீ. டயரை அதில் பாதிக் காற்றோடு ஓட்டுகிறது. பருத்த டயர் மெதுவாகப் போகும் என்ற நம்பிக்கையை அமெரிக்காவில் ‘பைசைக்கிள் குவார்ட்டர்லி’ பத்திரிகையின் யான் ஹைனே தொடர் சோதனைகளால் அசைத்தார். சுவர் மெல்லியதாக, இளகியதாக இருந்தால் பருத்த டயர் வேகத்தில் பின்தங்குவதில்லை. தொழில்முறைப் பந்தயக்காரர்களே இன்று 28 மி.மீ.க்கும் மேல் போய்விட்டார்கள். ஊருக்கு நான்கு வேகத்தடை இருக்கும் நம் சாலைகளில் இதற்கு விளக்கம் தேவையில்லை. தடையில் ஏறும் அதிர்ச்சியில் பெரும்பகுதியை டயரே விழுங்கிவிடுகிறது. மிச்சத்தைச் சீட் வாங்கிக்கொள்கிறது.

மெத்தையும் கயிற்றுக் கட்டிலும்

ஜெல் நிரப்பிய மெத்து மெத்தென்ற சீட்டைக் கடையில் கட்டை விரலால் அழுத்திப் பார்க்கும் எவருக்கும் அதுதான் சொகுசு என்று தோன்றும். முதல் ஒரு மணி நேரம் அது உண்மையும்கூட. உட்காரும்போது உடல் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகள். மெத்தை அதிகமானால் அந்த முனைகள் உள்ளே அமிழ்ந்துவிடுகின்றன. அமிழ்ந்த இடத்து மெத்தை நடுவில் பிதுங்கி, எடை தாங்கவே கூடாத மென்மையான பகுதியை அழுத்துகிறது. அங்கே ஓடுபவை நரம்பும் ரத்தக் குழாயும். மரத்துப்போவதன் காரணம் இதுதான்.

தோல் சீட் மெத்தை அல்ல, கயிற்றுக் கட்டில். முன்னும் பின்னும் இரும்புச் சட்டத்தில் அறையப்பட்ட சுமார் ஐந்து மி.மீ. தடிமனுள்ள தோல் நடுவில் எதன்மீதும் படாமல் தொங்குகிறது. புதிதில் பலகைதான். சில நூறு கி.மீ. ஓடிய பிறகு, சிலருக்கு ஆயிரம் கி.மீ. கழிந்த பிறகு, இரு எலும்பு முனைகளும் படும் இடத்தில் மட்டும் இரண்டு குழிகள் விழுகின்றன. அப்போது அது அந்த ஆளின் சீட். வேறு யாருக்கும் அவ்வளவாகப் பொருந்தாது. கயிற்றுக் கட்டில் தொய்ந்தால் கயிற்றை இழுத்துக் கட்டுவதுபோல, தோல் தொய்ந்தால் மூக்குக்கு அடியிலுள்ள திருகாணியைக் கால் சுற்று முறுக்கலாம். ஆர்வக் கோளாறில் அதிகம் முறுக்கினால் தோல் கிழியும்.

இதில் புகழ்பெற்ற பெயர் புரூக்ஸ். பர்மிங்காமில் ஜான் போல்ட்பீ புரூக்ஸ் 1866-ல் தொடங்கிய தோல் தொழிற்கூடம், 1882-ல் சைக்கிள் சீட்டுக்கு உரிமம் பெற்றது. அதன் பி-17 என்ற மாடல் 1890-களிலிருந்து பெரிய மாற்றமில்லாமல் விற்கிறது. எடை அரை கிலோ. பந்தயக்காரர்கள் இதைக் கண்டு சிரிப்பார்கள்.

தோல் சீட் மந்திரமல்ல. அகலமான பி-17, ஹேண்டில்பார் ஏறக்குறைய சீட்டின் உயரத்தில் இருப்பவருக்கே ஒத்துவரும். தலையைக் கவிழ்த்து ஓட்டினால் இடுப்பு முன்னால் சுழன்று, எடை மறுபடியும் மென்மையான பகுதிக்கே போகும். ஆக, சீட்டைத் தேர்ந்தெடுப்பதும் ஃப்ரேமின் அளவைத் தீர்மானிப்பதும் ஒரே முடிவு. சீட்டை மட்டும் மாற்றிவிட்டு ‘ஒன்றும் பலனில்லை’ என்பவர்கள் பலரும் தவறுவது இங்கேதான். பெண்களுக்கு எலும்பு முனைகளின் இடைவெளி பெரும்பாலும் அதிகம் என்பதால் அகலம் கூடியதும் மூக்கு குட்டையானதுமான மாடல்கள் தேவைப்படுகின்றன. அமெரிக்காவின் தொழில்சார் நல ஆய்வு நிறுவனமான நியோஷ், சைக்கிளில் ரோந்து போகும் போலீசாரிடம் ஆய்வு நடத்தி, மூக்கே இல்லாத சீட் மென்பகுதியின் அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 2008-ல் அறிவித்தது. எந்த சீட்டாக இருந்தாலும் மரத்துப்போவதைப் பெருமையாகப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. சீட்டின் உயரத்தையும் சாய்வையும் மாற்றிப் பார்க்க வேண்டும். அப்படியும் நீடித்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

மழைதான் தோலுக்கு எமன். நனைந்த தோலில் உட்கார்ந்து ஓட்டினால் அது தொங்கிப்போகும். மேலே உறை போட்டால் மட்டும் போதாது. பின்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் மெழுகு பூசாத அடிப்பக்கத்தில்தான் ஊறுகிறது. குடகு, வயநாட்டுப் பக்கம் மழைக்காலத்தில் போகிறவருக்கு முழு மட்கார்டு என்பது சீட்டின் குடையும்கூட.

பழைய சொத்து, புதிய விலை

விளக்கு, மட்கார்டு, இரும்பு ஃப்ரேம், நிமிர்ந்த இருக்கை, தோல் சீட் என்ற பட்டியலை வாசிக்கும் ஐம்பது வயதுக்காரருக்கு ஒரு சந்தேகம் வரும். இது அப்பாவின் சைக்கிள்தானே? பெருமளவுக்கு ஆமாம். 1949-ல் பர்மிங்காம் கூட்டாளியோடு உருவாகி, அம்பத்தூரில் ஆலை அமைத்த டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.யும் இதே ஜாதகம் கொண்டவை. இருபது கிலோ எடை, கியர் இல்லாதது ஆகியவை மட்டும் தோஷம். பால்காரரும் தபால்காரரும் நாள் முழுக்க அதில் உட்கார்ந்தார்கள். பிறகு தோலின் இடத்தை ரெக்சினும் பிளாஸ்டிக்கும் பிடித்தன.

தோல் விஷயத்தில் இழப்பு இன்னும் பெரியது. சீட்டுக்கு வேண்டியது குரோமியத்தில் அல்ல, மரப்பட்டையில் பதனிட்ட தோல். அதுதான் உடம்பின் வடிவத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட சென்னை மாகாணத் தோல், ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே லண்டன் சந்தைக்குக் கப்பலேறியது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் வேகமாக வேலை முடியும் குரோமிய முறை பரவியது, பாலாறு கெட்டது, 1996-ல் வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிக்கும் அளவுக்குப் போனது. பட்டைத் தோலின் பிறப்பிடங்களில் ஒன்றிலிருந்து கிளம்பும் சைக்கிள்காரர், பட்டைத் தோல் சீட்டுக்கு இறக்குமதி விலை கொடுக்கிறார்.

விலை ஒரு தடை என்றால் சாலை இன்னொன்று. மைசூர் சைக்கிளுக்கு விரோதமான ஊரல்ல. 2017 ஜூனில் 450 சைக்கிள்கள், 48 நிலையங்களோடு ‘ட்ரின் ட்ரின்’ என்ற பொது சைக்கிள் திட்டத்தைத் தொடங்கி நாட்டுக்கு வழிகாட்டிய நகரம் அது. ஆனால் 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட 118 கி.மீ. பெங்களூர்-மைசூர் விரைவுச்சாலையின் பிரதான பாதையில் அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்களோடு மோட்டார் இல்லாத வாகனங்களுக்கும் தடை. சைக்கிள்காரருக்கு மிச்சம், ஓரத்துச் சேவைச் சாலை. எதிரே வரும் டிராக்டர், திடீர்ப் பள்ளம், காயும் தானியம் எல்லாம் அங்கேதான்.

அந்தப் பள்ளங்களுக்கு 42 மி.மீ. டயர் பதில் சொல்லும். முதல் நாளே பொருந்த மறுக்கும் தோல் சீட்டுக்குப் பதில் பொறுமை மட்டும்தான். ஆயிரம் கி.மீ. வரை அது ஆளைப் பழக்குகிறது. அதற்குப் பிறகு ஆளுக்குப் பழகிவிடுகிறது. சைக்கிளை விற்கும்போது பலர் ஒன்றை மட்டும் கழற்றி வைத்துக்கொள்வது அதனால்தான்.