லைனை நிறுத்தியவர்களும் வைரஸை நிறுத்தியவரும்

2017 மே 12, வெள்ளிக்கிழமை. உலகின் பல மூலைகளில் கணினித் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்தன. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், 300 டாலரை பிட்காயினாகக் கட்டினால் திறப்போம், மூன்று நாள் தாண்டினால் இரட்டிப்பு என்றது அறிவிப்பு. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. பிரான்ஸில் ரெனோ ஆலைகளும் இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் நிஸான் ஆலையும் தடுமாறின. அந்த இரு நிறுவனங்களும் சேர்ந்து 2010இல் திறந்த ஒரகடம் ஆலையும் தப்பவில்லை. அங்கேயும் உற்பத்தி தடைபட்டதாக மறுநாளே செய்தி வந்தது.

வானாக்ரை என்ற அந்த வைரஸை யாரும் கிளிக் செய்து வரவழைக்க வேண்டியதில்லை. கோப்பையும் பிரின்டரையும் பகிர்ந்துகொள்ள விண்டோஸில் இருக்கும் சேவையில் ஓர் ஓட்டை. நெட்வொர்க்கில் ஒரு கணினி மாட்டினால் போதும். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அதுவே தேடிப் பரவும்.

இந்த ஓட்டையின் கதையைப் பார்த்தால் போதும், ஹேக்கிங் எது, கிராக்கிங் எது என்பது பிடிபட்டுவிடும். இதை முன்னமே கண்டுபிடித்து, நுழையும் கருவியும் செய்து வைத்திருந்தது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை. மைக்ரோசாஃப்டிடம் சொல்லாமல் தன் உளவு வேலைக்கு வைத்துக்கொண்டது. 2017 ஏப்ரலில் ‘ஷேடோ புரோக்கர்ஸ்’ என்ற கும்பல் அந்தக் கருவியைப் பொதுவில் போட்டுடைத்தது. அதை எடுத்துப் பணம் பறிக்கும் வைரஸோடு ஒட்டியவர்கள் வட கொரியாவின் ஆட்கள் என்று அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா குற்றம் சாட்டியது. தன் கருவி வெளியே போன கதையைப் பற்றி அது அவ்வளவு சத்தமாகப் பேசவில்லை.

வைரஸை நிறுத்தியவர் மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது பிரிட்டிஷ் இளைஞர். வைரஸின் நிரலைப் பிரித்துப் பார்த்தபோது, அது யாரும் பதிவு செய்யாத ஒரு நீளமான, அர்த்தமில்லாத இணைய முகவரியைத் தட்டிப் பார்ப்பது தெரிந்தது. தொற்று எங்கெல்லாம் பரவுகிறது என்று கண்காணிக்கலாமே என்று சுமார் 10 டாலர் கட்டி அந்த முகவரியைத் தன் பெயரில் பதிந்தார். அந்த முகவரியிலிருந்து பதில் வந்தால் வைரஸ் அப்படியே நின்றுவிடும் என்பது பதிந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

அதே ஹட்சின்ஸை ஆகஸ்டில் லாஸ் வேகஸில் எஃப்.பி.ஐ. கைது செய்தது. பதின்ம வயதில் வங்கிக் கணக்குகளைத் திருட உதவும் ‘க்ரோனோஸ்’ என்ற வைரஸை எழுதியவர் அவர். 2019இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிபதி மேற்கொண்டு சிறைக்கு அனுப்பவில்லை. ஆக, ஒரே ஆள் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறார். திறமை அதேதான். நல்லவர் ஹேக்கர், கெட்டவர் கிராக்கர் என்று ஆளைப் பிரித்துப் பட்டம் கொடுப்பது எனக்கு அதனாலேயே ஒப்பவில்லை. வேலையைத்தான் பிரிக்க வேண்டும்: யாரைக் கேட்டு நுழைந்தார், கண்டதை வைத்து என்ன செய்தார்?

ஆலைக்காரர்களுக்கு இது புதிதல்ல. ரோபோ வெல்டிங் நடக்கும் கூண்டின் கதவில் ஒரு சென்சார் இருக்கும். கதவு திறந்தால் ரோபோ நிற்கும். நடுராத்திரியில் சென்சார் பழுதாகும்போது ஏன் என்று வயர் வயராகத் தேடிப் பிடிக்கும் மெயின்டனன்ஸ் ஆளின் மூளை, அசல் ஹேக்கரின் மூளை. 1950களின் கடைசியில் எம்.ஐ.டி.யின் மாதிரி ரயில் மன்றத்தில் ரிலேக்களோடு மல்லுக்கட்டிய மாணவர்கள்தான் அந்தப் பெயரை முதலில் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர்கள். அதே சென்சாரை, இன்றைய டார்கெட்டை முடிக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லாமல் பைபாஸ் செய்தால் அது வேறு வேலை. அதற்கும் அதே அறிவுதான் வேண்டும்.

வானாக்ரை நுழைந்த விண்டோஸ் ஓட்டைக்கு 2017 மார்ச் 14 அன்றே மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுத்திருந்தது. இரண்டு மாதம் கழித்தும் அது போடப்படாத கணினிகள் லட்சக்கணக்கில் இருந்தன. ஆலைகளில் இதற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை. மெஷினோடு வரும் கணினி பெரும்பாலும் பழைய விண்டோஸ். பேட்ச் போட்டு மென்பொருள் ஓடாமல் போனால், மெஷின் விற்றவர் ‘யாரைக் கேட்டுத் தொட்டீங்க?’ என்பார். மூன்று ஷிஃப்டும் லைன் ஓடும் இடத்தில் ரீஸ்டார்ட் செய்ய அரை மணி நேரம் கேட்டால் புரொடக்‌ஷன்காரர் முறைப்பார். இன்னொரு வேடிக்கை: பாதுகாப்புக்காக இணையத்திலிருந்து துண்டித்து வைத்த கணினிகளுக்கு ஹட்சின்ஸின் முகவரி எட்டாது; உள்ளே வைரஸ் வந்துவிட்டால் நிற்காது. 2018 ஆகஸ்டில் தைவானின் சிப் நிறுவனம் டி.எஸ்.எம்.சி.யை இதே வைரஸின் வகை ஒன்று முடக்கியது. புதிதாக நிறுவிய மெஷினை ஸ்கேன் செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்ததுதான் காரணம்.

கண்டதை உரியவரிடம் சொல்லும் ஹேக்கருக்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். தமிழகத்தைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா 2019இல் இன்ஸ்டாகிராமின் கடவுச்சொல் மீட்பைச் சோதித்தார். கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணுக்கு 10 லட்சம் சாத்தியங்கள், 10 நிமிட ஆயுள். ஒரே இடத்திலிருந்து முயன்றால் தடுத்துவிடும். அவர் ஆயிரம் ஐ.பி. முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் 2 லட்சம் எண்களை அனுப்பிப் பார்த்தார், தடுப்பு விழவில்லை. யார் கணக்கையும் கைப்பற்றலாம் என்ற நிலை. அவர் இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான ஃபேஸ்புக்கிடம் சொன்னார், அவர்கள் அடைத்தார்கள், 30,000 டாலர் பரிசு கொடுத்தார்கள். பரிசு அறிவித்துச் சோதிக்க அழைத்திருந்த நிறுவனம் என்பதால்தான் கதை இப்படி முடிந்தது.

அழைக்காத இடத்தில் என்ன ஆகும்? 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஆவது பிரிவின் தலைப்பே ‘ஹேக்கிங்’தான், மூன்றாண்டு வரை சிறை. 2008இல் திருத்தியபோது அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, நேர்மையின்றியோ மோசடியாகவோ செய்தால் குற்றம் என்று மாற்றினார்கள். நல்ல திருத்தம். ஆனால் 43ஆவது பிரிவு இன்னும் நிற்கிறது: உரிமையாளர் அனுமதி இல்லாமல் கணினிக்குள் நுழைந்தாலே இழப்பீடு கேட்கலாம், எண்ணம் எதுவானாலும். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சப்ளையர் கம்பெனியின் பில்லிங் தளத்தில் ஓட்டை இருப்பதைக் கண்ட பையன், அதை மின்னஞ்சலில் நேர்மையாகச் சொன்னால் நன்றி வரலாம், வக்கீல் நோட்டீஸும் வரலாம். நேரே கம்பெனிக்கு எழுதத் தயங்குபவர், மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பிடம் தெரிவிக்கலாம். சம்பந்தப்பட்ட நிறுவனத்திடம் அவர்கள் பேசுவார்கள். அதுவும் ஓட்டையைக் கண்ட இடத்திலேயே கையை எடுத்துக்கொண்டால்தான். ‘உள்ளே என்னதான் இருக்கு’ என்று நாலு இன்வாய்ஸைத் திறந்து பார்த்துவிட்டு எழுதினால், அந்தக் கடிதமே அவருக்கு எதிரான சாட்சி.