நூலகரும் புதிய தகவல் வசதிகளும்

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, லயங்களோடு கடதாசிகளும் மண்ணுக்குள் போயின. பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பத்திரங்கள், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள் யாவும் லயக் காம்பராவின் றங்குப் பெட்டிக்குள்தான் இருந்தன. தப்பி வந்து பூனாகலைத் தமிழ்ப் பாடசாலையிலும் பின்னர் மாகல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கிய குடும்பங்கள், உறவுகளை இழந்த துயரத்தோடு இந்த அலைச்சலையும் பட்டன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண்சரிந்தபோதும் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன.

நூலகத்தைப் பற்றிய கட்டுரையில் மண்சரிவு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்ததாக அனர்த்தத்தின் பின்னர் வெளிவந்தது. எனவே தகவல் இருந்தது. மாற்றுக் காணியும் வீடும் இல்லாமல் தகவல் மட்டும் யாரையும் காப்பாற்றாது என்பதும் உண்மையே. ஆனாலும் அத்தகைய தகவலை மக்கள் தமது மொழியில் கையில் வைத்திருந்தால், அதைக் காட்டிக் காணி கேட்டிருக்கலாம். வேண்டிய தகவலைத் தேடியெடுத்து வேண்டியவரிடம் சேர்ப்பதே நூலகரின் வேலை. கருவி மாறினாலும் அந்த வேலை மாறவில்லை.

முன்பு நூலகர் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு சிற்றட்டை எழுதி இழுப்பறையில் அடுக்கி வைப்பார். கணினி வந்ததும் அந்த அட்டைகள் அதற்குள் போயின. இதில் தமிழருக்கு ஒரு தனிச் சிக்கலும் இருந்தது. இலங்கையில் பலரும் ‘பாமினி’ எழுத்துருவில் தட்டச்சு செய்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே பக்கம் பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தமிழ்ச் சொல்லைக் கொடுத்துத் தேடவும் முடியாது. ஒருங்குறி என்னும் பொது எழுத்துமுறை பரவிய பிறகே இத்தொல்லை குறைந்தது. இன்று கைபேசியில் ‘மண்சரிவு’ என்று தமிழில் தட்டித் தேட முடிவது இதனாலேயே.

அடுத்தது பிரதிகளைப் பற்றியது. 1981 மே 31ஆந் திகதிக்கும் ஜூன் முதலாந் திகதிக்கும் இடைப்பட்ட இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுட் பலவற்றுக்கு வேறு பிரதி கிடைக்கவில்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகத்தில் இலங்கைத் தமிழரின் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேர்க்கப்படுகின்றன. அங்குள்ள ஆவணங்கள் இன்று ஒரு இலட்சத்தைத் தாண்டிவிட்டன. மலையகத்தில் வெளிவந்த ஏடுகளும் அவற்றில் உண்டு. கட்டணம் இல்லை. படமெடுப்பது பாதி வேலைதான். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பொருள் என்று ஒவ்வொன்றையும் பதிந்தால்தான் தேடுபவருக்கு அகப்படும். பெயரிடாத ஆயிரம் படங்கள் பூட்டிய அலுமாரிக்குச் சமம். இதைப் பலர் உணர்வதில்லை.

எல்லோரிடமும் கணினி இருக்க வேண்டியதில்லை என்பதற்குக் கொத்மலை நல்ல உதாரணம். மகாவலி நீர்த்தேக்கங்களுக்காக ஊர்விட்டுக் குடியேறிய விவசாயக் குடும்பங்களுக்கென வளர்ந்த சமூக வானொலியின் வழியில், 1989இல் கொத்மலை வானொலி தொடங்கியது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் அதற்கு இணைய வசதி கிடைத்தது. நேயர்கள் கேள்விகளை அனுப்புவார்கள். ஒலிபரப்பாளர் இணையத்தில் தேடி, துறை அறிந்தவரை அருகில் வைத்துக்கொண்டு, ஊர் மொழியில் விளக்குவார். ஒருவர் தேடியது ஒரு பிரதேசத்துக்கே பயன்பட்டது. பெரும்பாலும் சிங்களத்தில் நடந்த அம்முயற்சி தமிழில் தோட்டங்களுக்கும் வந்திருக்க வேண்டும் என்பதே எமது எண்ணம்.

இன்று நம் பிள்ளைகளின் கையிலேயே இணையம் இருக்கிறது. அப்படியானால் நூலகர் எதற்கு? மழைக் காலத்தில் கைபேசியில் வரும் செய்திகளைப் பாருங்கள். பழைய படமும் பொய்ச் செய்தியும் உண்மையோடு கலந்தே வருகின்றன. எது யாரிடமிருந்து, எந்தத் திகதியில் வந்தது என்று பார்க்கப் பழக்கித் தருவதும் இப்போது நூலகரின் வேலையாகிவிட்டது. மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிறங்களில் வரும்: மஞ்சள் என்றால் அவதானம், செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தம், சிவப்பு என்றால் உடனே வெளியேறுதல். இதை அச்சிட்டுப் பாடசாலை வாசிகசாலையிலும் தோட்டத்துக் கடையிலும் ஒட்டிவைக்க ஒரு நாள் போதும்.

போஞ்சிக்கும் உருளைக்கிழங்குக்கும் வரும் நோய் பற்றி விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் கேட்கலாம். எந்த அரச அலுவலகத்தில் என்ன படிவம் என்பதற்கு 1919. அனர்த்த அவசரத்துக்கு 117. விண்ணப்பத்தை நிரப்பத் தயங்குபவர்கள் அருகிலுள்ள பொது நூலகத்துக்குச் சென்று நூலகரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். புத்தகம் எடுக்கிறவர்களுக்கு மட்டுமே நூலகம் என்று எண்ண வேண்டாம். சான்றிதழ்களைக் கைபேசியில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் ஒரு உறவினருக்கும் அனுப்பி வையுங்கள். படம் மூலப்பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் அதிலுள்ள பதிவு இலக்கமும் திகதியும் இருந்தால், பிரதேச செயலகத்தில் புதிய பிரதி பெறும் வேலை வெகுவாகச் சுருங்கும்.