தூதும் ஒற்றும் அல்லாத மூன்றாம் நெறி

அரசு ஒன்று பிறிதொரு நாட்டினர் உள்ளத்தில் தன் கருத்தைச் செலுத்த விழையுங்கால், அதற்கு வாயிலாவார் யாவர் என்பதை ஈண்டு ஆராய்வோம். வள்ளுவர் ஒற்றாடலையும் தூதையும் இருவேறு அதிகாரங்களாக வைத்தனர். தூதன் தன்னை வெளிப்படுத்திக்கொண்டு பேசுபவன். ஒற்றன் தன்னை மறைத்துக்கொண்டு கேட்பவன். தன்னை மறைத்துக்கொண்டு பேசுபவன் ஒருவனும் உளன். பேச்சால் தூதனையும் மறைவால் ஒற்றனையும் ஒக்கும் இவனே மறைமுக முகவன்.

இவனைக் கருதி எழுந்த சட்டங்களுள் அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1938-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது குறிப்பிடத்தக்கது. நாட்சிச் செருமனியின் பரப்புரை அங்குப் புகுந்தமையே அதற்குக் காரணம். அச்சட்டம் பேச்சைத் தடுக்கவில்லை. அயலார்பொருட்டு அரசியற் பணி புரிவோர் தம்மைப் பதிவுசெய்து, யாருக்காக உழைக்கின்றனர், எவ்வளவு பொருள் பெறுகின்றனர் என்பவற்றை வெளியிடல் வேண்டும் என்றே விதித்தது. அஃதாவது, மூன்றாமவனைத் தூதனாக்க முயன்றது.

ஆயினும் அந்நாட்டரசே பின்னர் இம்மறைநெறியை மேற்கொண்டது. 1950-இல் மேற்குப் பெர்லினில் பண்பாட்டுச் சுதந்திரப் பேரவை தோன்றியது. பாரிசைத் தலைமையிடமாகக் கொண்ட அதற்கு அமெரிக்க நடுவண் உளவு நிறுவனம் அறக்கட்டளைகள் வழியாகப் பொருள் அளித்தது. 1953-இல் இலண்டனில் தொடங்கிய 'என்கவுண்டர்' இதழும் அவ்வுதவி பெற்றது. 1966, 1967 ஆகிய ஆண்டுகளில் உண்மை வெளியாயிற்று. இதழாசிரியருள் ஒருவராக இருந்த கவிஞர் இசுடீபன் இசுபெண்டர் 1967-இல் விலகினார்.

எழுதியோர் தம் உள்ளக் கருத்தையே எழுதினராயின் குற்றம் யாது எனின், அக்கருத்தைத் தேர்ந்து பரப்பிய கை யாருடையது என்று அறியும் உரிமை படிப்போர்க்கு மறுக்கப்பட்டமையே என்க. மேலும், மறைவு வெளிப்பட்டபின் நேர்மையாக எழுதியோரும் ஐயத்துக்கு ஆளாயினர்.

இதன் மறுபக்கமும் நோக்கத்தக்கது. அயல்நாட்டுப் பொருள் பெற்று அரசியற் செயலில் ஈடுபடும் அமைப்புகள் 'அயல்நாட்டு முகவர்' எனப் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என உருசியா 2012-இல் சட்டம் செய்தது. 2022-ஆம் ஆண்டுச் சட்டமோ, பொருள் பெறாதவரையும், அயலார் செல்வாக்குக்கு உட்பட்டார் எனக் கருதின், அப்பெயரால் குறிக்க இடமளித்தது. மறைவை நீக்க எழுந்த பெயர் மாறுபட்டுப் பேசுவோரை ஒறுக்கும் கருவியாயிற்று.

ஆதலின், பொருளும் கட்டளையும் எங்கிருந்து வந்தன என்பதற்குச் சான்று வேண்டும். அயலார் கருத்தோடு ஒருவர் கருத்து ஒத்திருத்தல் மட்டும் சான்றாகாது என்பதே எம் துணிபு.